டைட்டில் பாட்டில் வருகிறவள்

ஓசூர்
4-8-2003

மதிப்பிற்குரிய எழுத்தாளர் கமலக்கண்ணன் சார் அவர்களுக்கு, பொற்கொடி வணக்கத்துடன் எழுதுவது.

சார், நான் இதுவரை எந்த எழுத்தாளருக்கும் கடிதம் போட்டதில்லை. உங்கள் ‘மூன்றாவது மருமகள்’ தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தவள். கடைசி வாரம் சித்ராவைச் சாகடித்தீர்களே, அன்று எங்கள் லைன் வீட்டில் யாரும் உலை வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் முத்துமணி கம்பெனியிலிருந்து வந்தவர் வாசலில் நாங்கள் அழுதுகொண்டு நின்ற கோலத்தைப் பார்த்துப் பதறி, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தார். பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது எழுதுவது அதைப் பற்றி இல்லை. உங்கள் ‘ஈரக்கூந்தல்’ பற்றி. அந்தத் தொடரில் செங்கமலம் என்கிற பேய் ஒரு தெருவையே ஆட்டிப் படைக்கிறதே, அவளைக் கதைக்குள் நீங்கள் இன்னும் முகம் காட்டவில்லை. ஆனால் டைட்டில் பாட்டில் காட்டுகிறீர்கள். ஏரிக்கரை மேல் ஒரு பெண் நடந்து போகிறாள். முடி அவிழ்ந்து ஈரமாகத் தொங்குகிறது. தலையில் வெள்ளை மூட்டை. ஒரு தடவை நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

சார், அவள் எங்கள் தெருவில் இருக்கிறாள்.

நடிகை என்று சொல்லிவிடாதீர்கள். முகம் எனக்குத் தெரியாதா? எங்கள் வரிசையில் கடைசி அறை. பெயர் நாராயணம்மா. தனி ஆள். பேசுவது தெலுங்கு. நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், எனக்குத் தெலுங்கும் தெரியாது, கன்னடமும் தெரியாது. அவள் சிரித்தால் நானும் சிரிப்பேன், அதோடு சரி. பொழுது சாய்ந்ததும் வெள்ளை மூட்டையோடு ஏரிக்குப் போவாள். முன்பெல்லாம் அதை நான் ஒன்றும் நினைத்ததில்லை. இப்போது அவள் நடந்து போனால் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

என் மகள் தர்ஷினிக்கு மூன்று வயது. நாராயணம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி ஒரு கொய்யாப்பழம் கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்த காய்ச்சல் போவதும் வருவதுமாக இருக்கிறது. தூக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. டாக்டர் ஊசி போட்டார். சாமிக்கு முடிந்து வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

செங்கமலத்தைத் துரத்தும் வழி இனி வரும் வாரங்களில் வரும் என்று பத்திரிகையில் நீங்களே சொல்லியிருந்தீர்கள். அவ்வளவு நாள் என்னால் காத்திருக்க முடியாது சார். அந்த வழியை எனக்கு மட்டும் முன்கூட்டியே எழுதுங்கள். தாய் கேட்கிறேன், இல்லை என்று சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
பொற்கொடி முத்துமணி
(மேற்பார்வை: கௌஸ் மொய்தீன் மளிகை, ஓசூர். பாய் கடையில் கொடுத்தால் எனக்கு வந்துவிடும்.)


சென்னை
9-8-2003

அன்புச் சகோதரி பொற்கொடிக்கு,

எனக்கு வரும் கடிதங்களில் பாதி, கதாநாயகி கட்டிய சேலை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கும். மீதி, தன் மாமியாரை வைத்து ஒரு தொடர் எழுதச் சொல்லும். உங்கள் கடிதம்தான் என்னை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தது. என் உதவியாளர்களிடம் வாசித்துக் காட்டினேன். “இதுதாண்டா ரசிகை” என்று சொன்னேன்.

‘உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்’ என்று தொடருக்கு முன்னால் எழுத்துப் போடுகிறார்களே, அது சும்மா என்றா நினைத்தீர்கள்? எங்கே கேட்டேன், யார் சொன்னார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். டைட்டில் பாட்டு இயக்குநர் மூர்த்தியின் இலாகா. அதில் வருகிறவள் யாரென்று எனக்கே தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம். நம்பாமல் இருந்தால்தான் எனக்குச் சோறு.

சரி, தாய் என்று சொல்லிவிட்டீர்கள். வேறு யாருக்கும் சொல்லாத ரகசியத்தைச் சொல்கிறேன். அக்கம்பக்கத்தில் மூச்சு விடக் கூடாது.

வரும் வாரங்களில் அந்தத் தெருப் பெண்கள் செங்கமலத்துக்கு எல்லை கட்டப்போகிறார்கள். அவள் கையால் எதையும் வாங்கமாட்டார்கள். தண்ணீர், நெருப்பு, பேச்சு மூன்றையும் அவளுக்கு நிறுத்துவார்கள். அவள் வீட்டு நாலு மூலையிலும் இரும்பு ஆணி அடிப்பார்கள். அமாவாசையன்று விளக்கு வைப்பதற்குள் அவளை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். எல்லை தாண்டினால் அவளால் திரும்ப முடியாது.

இன்னொன்று. “பாவம், அவள் பேய் இல்லை” என்று யார் பரிந்து பேசுகிறார்களோ, அவர்களை அவள் ஏற்கெனவே பிடித்துவிட்டாள் என்று அர்த்தம். பேயே கிடையாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறாரே வாத்தியார் தண்டபாணி, அவர் கதி என்ன ஆகிறது என்று பொறுத்திருந்து பாருங்கள்.

குழந்தையை நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். தொடரைத் தொடர்ந்து பாருங்கள்.

அன்புடன்,
கமலக்கண்ணன்


ஓசூர்
15-8-2003

தெய்வமே என்று எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள். சார் என்றே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் மூச்சு விடாமல்தான் இருந்தேன். ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தபோது எதிர்வீட்டு மங்கம்மா வந்து, “ஏன்மா இப்டி அழுவுற, சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன். மன்னியுங்கள். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன். அவர் கன்னடத்தில் நாலு பேருக்குச் சொன்னார். இப்போது உங்கள் கடிதத்தைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்துகூட வருகிறார்கள். சேனல் பெயர் போட்ட தாள், கீழே உங்கள் கையெழுத்து. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்துவிட்டோம். பொதுக் குழாயில் அவள் குடம் வைத்தால் குழாயை நிறுத்துகிறோம். அவள் கேட்டால் யாரும் பதில் பேசுவதில்லை. நாலு மூலைக்கும் ஆணி அடிக்க லைன் வீட்டு ஓனர் ராஜப்பன் அண்ணனே சுத்தியலோடு வந்தார். ரொம்ப உதவி. அந்த அறையைக் காலி செய்யச் சொல்லி அவரும் வெகுநாளாகக் கேட்கிறாராம், அவள்தான் அசையவில்லையாம். ஆணி அடிக்கும்போது அவள் உள்ளேயிருந்து வந்து எங்களைப் பார்த்தாள். வீட்டை ரிப்பேர் செய்கிறோம் என்று நினைத்தாளோ என்னவோ, ஒரு ஸ்டூலை எடுத்து வந்து ராஜப்பன் அண்ணன் ஏறுவதற்குப் போட்டாள். அவர் அதைக் காலால் தள்ளிவிட்டார்.

சார், ஆணி அடித்த மறுநாள் தர்ஷினிக்குக் காய்ச்சல் இறங்கியது. என் கண்ணால் பார்த்தேன்.

அவள் மூட்டையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நாங்கள் பிரித்துப் பார்த்தோம். பனியன் வேஸ்ட். லேத் பட்டறைகளில் மிஷின் துடைத்துப் போடுகிற எண்ணெய்த் துணி. அதை வாங்கி வந்து சோடா போட்டு அவித்து, ஏரியில் அலசிக் காயவைத்துத் திரும்ப விற்கிறாளாம். பகலில் அலசினால் மீன் பிடிக்கிறவர்கள் சத்தம் போடுவதால் பொழுது சாய்ந்த பிறகு போகிறாள் என்று மளிகைக் கடை கௌஸ் மொய்தீன் பாய் சொன்னார். “எண்ணெய்ப் பிசுக்கும்மா, தலையெல்லாம் ஆவுது, அங்கியே முங்கிட்டு வருது அந்த அம்மா. அதுக்குப் போயி” என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பரிந்து பேசுகிறாரே! அன்றிலிருந்து யாரும் பாய் கடைக்குப் போவதில்லை. அரிசிக்கு பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறோம்.

வருகிற அமாவாசைக்கு அவளை எல்லை கடத்துகிறோம். எங்களுக்கு எல்லைக்குப் பஞ்சமா? ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகா. ராஜப்பன் அண்ணனின் டெம்போ இருக்கிறது. மந்திரம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் அதற்குள் எழுதுங்கள்.

நன்றியுடன்,
பொற்கொடி


சென்னை
19-8-2003

சகோதரி,

இதை வாசித்த உடனே நிறுத்துங்கள். எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் பனியன் வேஸ்ட் என்று இருந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பேய்க்கதையில் வரக்கூடிய சொல்லா அது? நேராக எடிட்டிங் அறைக்குப் போய் அந்த டைட்டில் பாட்டைப் போடச் சொன்னேன். இத்தனை நாளும் நான் அதைச் சரியாகப் பார்த்ததில்லை, என் பெயர் வரும் இடத்தை மட்டும்தான் பார்ப்பேன். மூர்த்தியைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். “ஓசூர்ல ஃபேக்டரி சீன் எடுத்துட்டு வர்றப்ப ஏரி மேல ஒரு அம்மா போச்சுய்யா. வேன்ல இருந்தே ஒரு ஷாட் அடிச்சோம். பைசா செலவில்லாம பேய் கெடைச்சுது” என்று சிரிக்கிறான்.

அவர் பேய் இல்லை. உங்களைப் போல, என் தங்கையைப் போல ஒரு பெண். உழைத்துவிட்டு நடந்து வந்தவரைக் கேட்காமல் படம் பிடித்து, ஊரெல்லாம் பேய் என்று காட்டிவிட்டோம்.

எல்லை கட்டுவது, ஆணி, அமாவாசை எல்லாம் நான் டீ குடித்துக்கொண்டே இட்டுக்கட்டியது. தண்ணீர், நெருப்பு, பேச்சு என்று மூன்றாக வைத்தால் வசனம் எடுப்பாக இருக்கும் என்பதற்காக வைத்தேன். உண்மைச் சம்பவம் எதுவும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது டாக்டர் மருந்தால். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் விடுங்கள். ஆணிகளைப் பிடுங்குங்கள். கௌஸ் மொய்தீன் பாய் சொன்னதுதான் சரி.

அந்த ஷாட்டை எடுத்துவிடு என்று மூர்த்தியிடம் கெஞ்சினேன். “ஊரே அதைத்தான்யா பேசுது” என்று மறுத்துவிட்டான். நானே கிளம்பி வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது. இது வெளியே தெரிந்தால் என் பிழைப்பு என்ன ஆகும் என்ற பயமும் அதில் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எந்த முகத்தோடு நடமாடுவேன்? என் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து உடனே கூப்பிடுங்கள். உங்கள் தெருப் பெயரையாவது சொல்லுங்கள்.

கமலக்கண்ணன்


ஓசூர்
22-8-2003

சார்,

உங்கள் கடிதத்தைத் தபால்காரரிடமே வாங்கி, மங்கம்மா, ராஜப்பன் அண்ணன் எல்லாரையும் வைத்துக்கொண்டு வாசித்தேன். பாதியிலேயே மங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, ரைட்டரையும் புடிச்சிட்டாளே” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு தைரியமானவர் நீங்கள். சென்ற வெள்ளிக்கிழமைதான் வாத்தியார் தண்டபாணி தெருவில் நின்று, “அவள் உங்களைப் போல ஒரு பெண்” என்று கத்தினார். அன்றைக்கே அவர் கண் வெளுத்துப் போனதைக் காட்டினீர்கள். அதே வார்த்தை உங்கள் கடிதத்தில் இருக்கிறது சார். உங்களைப் போல ஒரு பெண். முதல் கடிதத்தின் கையெழுத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இதில் எழுத்து நடுங்குகிறது. இதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் கையைப் பிடித்து அவள் எழுதியிருக்கிறாள்.

போன் செய்யமாட்டேன். உங்கள் கதையிலேயே செங்கமலம் போனில்தானே வேறு ஆள் குரலில் பேசுவாள்? தெருப் பெயரையும் எழுதமாட்டேன். எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாதா?

முத்துமணிக்கும் எனக்கும் சண்டை. “கம்பெனில பாதிப் பேரு அந்த அம்மா தொவைச்ச வேஸ்ட்லதான் மிஷின் தொடைக்கிறோம். எங்களை ஏன் பிடிக்கலையாம்?” என்று கேட்கிறார். அவரும் பரிந்து பேசுகிறார் சார். நேற்று அவர் சாப்பிட்ட தட்டைத் தனியாக வைத்துவிட்டேன். கட்டின புருஷனைப் பார்த்தே பயப்படும்படி ஆகிவிட்டது. எனக்கு யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை, உங்களிடம்தான் சொல்ல முடியும், நீங்களும் இப்போது நீங்கள் இல்லை.

தண்ணீர் நிறுத்தியும் அவள் இன்னும் அப்படியே இருக்கிறாள். எப்படி என்றுதான் புரியவில்லை. மங்கம்மா, “அதுங்களுக்கு தண்ணி எதுக்கு?” என்கிறார்.

பயப்படாதீர்கள். அமாவாசையோடு உங்களுக்கும் விட்டுவிடும். இதோடு காவேரிப்பட்டினத்துக் கோயில் விபூதி வைத்திருக்கிறேன். மூன்று நாள் நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் சகோதரி,
பொற்கொடி


சென்னை
24-8-2003
(கூரியர் — மிக அவசரம்)

அன்புச் சகோதரி பொற்கொடிக்கு,

விபூதி வந்தது. இட்டுக்கொண்டேன். நீங்கள் நினைத்தது சரி. அந்தக் கடிதம் என் சுயநினைவில் எழுதியது இல்லை. இப்போது தெளிந்துவிட்டேன். தெளிந்த பிறகு எழுதுகிற முதல் கடிதம் இது. எல்லாரையும் கூட்டி வைத்து வாசியுங்கள்.

நான் முதலில் சொன்னது பாதிக் கதைதான். மீதியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். நிலைமை கைமீறிப் போவதால் சொல்கிறேன். டைட்டில் பாட்டில் வருகிற பெண் செங்கமலம் இல்லை. அவள் காவல்காரி. செங்கமலம் கிடப்பது ஏரிக்குள். தினமும் பொழுது சாய்ந்ததும் அந்தப் பெண் கரை மேல் நடப்பதால்தான் செங்கமலத்தால் தெருவுக்குள் நுழைய முடியவில்லை. பாட்டில் ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறாளே, அது செங்கமலம் பின்னால் வருகிறாளா என்று பார்ப்பது. இந்தக் காவல்காரியை எல்லை தாண்ட வைத்தால் தெரு திறந்த வீடாகிவிடும். யார் கை வைத்து அவளை ஏற்றி அனுப்புகிறார்களோ, அவர்கள் வீட்டு வாசலைத்தான் செங்கமலம் முதலில் தட்டுவாள்.

செப்டம்பரில் இதெல்லாம் தொடரில் வரப்போகிறது. மூர்த்தியிடம் நேற்றுச் சொன்னேன். துள்ளிக் குதித்தான். ஆகவே ஆணிகளைப் பிடுங்கிவிடுங்கள். காவல்காரிக்கு முதல் சோறு, முதல் தண்ணீர். வீட்டுக்கு ஒருவர் கொண்டுபோய்க் கொடுங்கள். அமாவாசையன்று அவர் எங்கும் போகாமல் வீட்டிலேயே இருக்க வேண்டும். இதுதான் பரிகாரம்.

உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கும் பேசினேன். பாய் கடைப் பெயரைச் சொன்னேன், அது எந்தத் தெரு என்று கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாய் கடைக்காவது நானே வந்துவிடலாம் என்று பார்த்தால், இந்தத் திருப்பத்தை எழுதிக் கொடுக்காமல் நகரக் கூடாது என்று மூர்த்தி பிடித்து வைத்திருக்கிறான். இதைக் கிடைத்த நிமிடமே செய்யுங்கள்.

சத்தியமாக,
கமலக்கண்ணன்


ஓசூர்
30-8-2003

சார்,

உங்கள் கூரியர் செவ்வாய்க்கிழமையே பாய் கடைக்கு வந்துவிட்டது. அமாவாசை புதன்கிழமை. பாய் கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தார். “மெட்ராஸ்ல இருந்து வந்துகீதும்மா. அவசரம்னு போட்டுகீது. வாங்கிக்கம்மா” என்று கூப்பிட்டார். பிடிக்கப்பட்டவர் கையால் எப்படி வாங்குவது? கதவைச் சாத்தினேன். வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். துடைப்பத்தால் தள்ளி விட்டேன். மறுபடி எடுத்துப் போய்ப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

புதன்கிழமை ராத்திரி தூங்க முடியாமல், வியாழக்கிழமை நானே பாய் கடைக்குப் போய் வாங்கி வாசித்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாராயணம்மாவை நாங்கள் இழுத்துக்கொண்டு போகவில்லை சார். இழுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. மங்கம்மா அவரிடம் தெலுங்கில் பேசினார். என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. நாராயணம்மா அடுப்பில் இருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு ஓடி வந்து டெம்போவில் ஏறினார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். உட்கார்ந்ததும் என் மடியிலிருந்த தர்ஷினியைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. பாட்டிலை என் பக்கத்தில் வைத்தார். அதைத் தொடாமல் நகர்ந்து உட்கார்ந்தேன்.

ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, ஒரு செங்கல் சூளைப் பக்கம் ராஜப்பன் அண்ணன் வண்டியை நிறுத்தினார். எல்லாரும் இறங்கினோம். நாராயணம்மாவும் இறங்கினார். நாங்கள் ஏறிக்கொண்டோம். வண்டி கிளம்பிவிட்டது.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான் பார்த்தேன். எங்கள் பின்னால் ஓடி வந்தார். தெரியாமல் விட்டுவிட்டுப் போகிறோம் என்று நினைத்துக் கையைக் காட்டிக்கொண்டே வந்தார். ஏதோ சத்தமாகச் சொன்னார். மங்கம்மா காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மங்கம்மாவை விடாமல் பிடித்துக் கேட்டேன். அழுதுகொண்டே சொன்னார். “கொழந்தைக்கு ரொம்ப முடியல, பெங்களூரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம், நீ கூட வான்னு கூப்ட்டேன். அதான் வந்துச்சு.” ஓடி வந்தபோது என்ன சொன்னார் என்று கேட்டேன். “என்னை விட்டுட்டுப் போனாலும் போங்க, கொழந்தைக்கு எப்டி இருக்குன்னு யாராச்சும் வந்து சொல்லுங்கன்னு கத்துச்சு.”

சார், இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. யாரும் என்னைப் பிடிக்கவில்லை.

தர்ஷினிக்குக் காய்ச்சல் திரும்பிவிட்டது. ரத்தம் சோதித்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்திருக்க வேண்டுமாம். நாராயணம்மா இத்தனை நாளும் குடித்தது பாய் கொடுத்த தண்ணீர். பாய் வீட்டில் காய்ச்சித்தான் குடிப்பார்களாம். டெம்போவில் கொண்டுவந்த பாட்டிலும் அதுதான்.

உங்கள் காவல்காரிக் கதையை நான் நம்பவில்லை. இதையும் டீ குடித்துக்கொண்டுதான் எழுதியிருப்பீர்கள். ஆனால் தெருவில் வாசித்துக் காட்டினேன், தேடிப் போக நாலு பேர் வருவார்கள் என்று. நடந்தது வேறு. செங்கமலம் முதலில் தங்கள் வாசலைத் தட்டுவாள் என்று பயந்து ஒருவரும் வெளியே வரவில்லை. ராஜப்பன் அண்ணன் டெம்போவை எடுக்கவே மாட்டேன் என்கிறார். கடைசி அறைக்கு வெள்ளையடிக்க வந்தவர்களைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நானும் முத்துமணியும் பாயும் மட்டும் போனோம். செங்கல் சூளையில் இல்லை. பஸ் நிறுத்தத்தில் இல்லை. அத்திப்பள்ளியில் போலீஸிலும் சொன்னோம், போட்டோ கேட்டார்கள், எங்களிடம் இல்லை. பாய் அவருக்குத் தெரிந்த தெலுங்கையும் கன்னடத்தையும் வைத்துக்கொண்டு கடை கடையாகக் கேட்டார். கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த தமிழ் ஆட்கள் நிறையப் பேர் அங்கே குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் நானே அடையாளம் சொன்னேன். ஒரு அம்மா, தனியாக, தெலுங்கு பேசுவார், குழந்தையை எந்த ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று யாரையாவது கேட்டிருப்பார்.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “டி.வி.ல பாட்டுல வருமே, அந்தப் பேயா? நேத்து சாயங்காலம் இந்த வாசல்ல வந்து தண்ணி கேட்டுச்சு. கல்லால அடிச்சித் தொரத்திட்டோம்” என்றாள். சொல்லிவிட்டு, “நீங்களும் ஈரக்கூந்தல் பாக்குறீங்களா?” என்று சிரித்தாள்.

எந்தப் பக்கம் ஓடினார் என்று கேட்டோம். தெரியாது என்றாள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் எல்லாம் முடிந்துவிடும் என்று எழுதினீர்கள். அந்தப் பக்கமும் உங்கள் சேனல் தெரிகிறது சார். நாங்கள் ஒரு தெருவிலிருந்துதான் அவரைத் துரத்தினோம். அவர் போகிற ஊரெல்லாம் அவருக்கு முன்னாலேயே நீங்கள் போய்ச் சொல்லி வைத்திருக்கிறீர்கள்.

இன்று உங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டேன். சார் கதை விவாதத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன். செப்டம்பரில் கதையை எப்படித் திருப்புகிறீர்கள் என்பது எனக்கு வேண்டாம். அவரை நல்லவராகக் காட்டவும் வேண்டாம். அந்தப் பாட்டை மட்டும் எடுத்துவிடுங்கள்.

நாளை ஆனேக்கல் பக்கம் தேடப் போகிறோம். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு மறுபடியும் அந்தப் பாட்டு வரும். அது வந்த பிறகு அவர் எந்த வாசலில் போய்த் தண்ணீர் கேட்பார்?

பொற்கொடி